பெட்டி அதே பெட்டிதானா?

2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, நம் கடிகாரப்படி காலை ஒன்பதரை மணி வாக்கில், உலகத்திலிருந்த அத்தனை ஜிபிஎஸ் கருவிகளும் ஒரே நேரத்தில் நல்ல கருவிகளாகிவிட்டன. யாரும் எதையும் கழற்றி மாட்டவில்லை. முதல் நாள் வரை ஆள் நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய பெட்டி, அன்று முதல் பத்து இருபது மீட்டருக்குள் சொல்ல ஆரம்பித்தது.

காரணம் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே இருந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் வேலை, தங்களிடமுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புவதுதான். அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிட்டுக் கருவி தூரத்தைக் கண்டுபிடிக்கும். நான்கு கோள்களின் தூரம் கிடைத்தால் இடம் கிடைத்துவிடும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் ஓடும். ஆகவே கடிகாரம் அதில் மூன்றில் ஒரு பங்கு பிசகினாலே நூறு மீட்டர் போச்சு. அமெரிக்க ராணுவம் இதை வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தது. எதிரி துல்லியமாகக் குறிபார்த்துவிடக் கூடாது என்று, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் கடிகாரத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டிருந்தது. அதிபர் கிளின்டன் உத்தரவிட்டார்; ஆட்டம் நின்றது.

கருவி முன்னேறிவிட்டது என்று சொல்லலாமா? பெட்டி அதே பெட்டி. வைத்திருந்தவருக்கோ அது வேறு பெட்டி.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் நல்லவாடு. மீனவர் ஊர். இந்தக் கரையில் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன மீட்டர் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. கடலடியில் பாறைத் திட்டு இருக்குமிடத்தைப் பார் என்பார்கள். மீன் கூடும் இடம் அது. வலை மாட்டிக் கிழியும் இடமும் அதுவே. கரையில் தெரியும் கோபுரத்தையும் மரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. மேகம் மூடினாலோ இருட்டிவிட்டாலோ அந்த வித்தை பலிக்காது. ஜிபிஎஸ்ஸில் ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் நள்ளிரவிலும் போய்ச் சேரலாம்.

ஐம்பது மீட்டர் அகலமுள்ள ஒரு பாரைக் குறித்து வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கடிகாரம் ஆட்டப்பட்ட காலத்தில் பிழை ஒரே பக்கமாக இருந்ததில்லை. மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. குறித்த நாளில் வடக்கே தள்ளிக் காட்டியிருக்கும். திரும்பிப் போகிற நாளில் கிழக்கே தள்ளிக் காட்டும். பார் ஒரு பக்கம் கிடக்க, வலை இன்னொரு பக்கம் இறங்கும். 2000 மே மாதத்துக்குப் பிறகு போனால் கருவி சரியாகக் காட்டும். ஆனால் சரியாகக் காட்டுவது எதை? முன்பு தவறாகக் குறித்து வைத்த இடத்தை! ஏற்கெனவே சேமித்த புள்ளிகள் பழைய பிழையைச் சுமந்துகொண்டு அப்படியே கிடக்கும். அவற்றை மறுபடி போய்க் குறித்தால்தான் புதிய துல்லியத்தால் பயன். கருவியின் முன்னேற்றம் தானாக வந்தது. அதன் பலன் தானாக வரவில்லை.

இவ்வளவும் சொன்னது வீடியோ கேம் பெட்டியைப் பற்றிப் பேசத்தான். கடைக்காரர், நண்பர், நிறுவனம் எல்லோரும் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "வந்த புதுசுல இருந்ததைவிட இப்ப எவ்வளவோ தேவலை." அதை எப்படிச் சோதிப்பது? ஜிபிஎஸ் பெட்டிக்குள் இருந்த அதே புதிர் இங்கேயும் இருக்கிறது, இன்னும் சிக்கலாக.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அன்று வாங்கிய பெட்டியும் இன்று கடையிலிருக்கும் சாதாரண பிஎஸ் 5 பெட்டியும் ஒரே வேகத்தில்தான் ஓடும். செயலியில் எட்டு உள்ளகங்கள் (கோர்), 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை. காட்சிச் சில்லு 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை. இது தற்செயல் இல்லை, வாக்குறுதி. விளையாட்டை எழுதுகிறவர், எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கிய பெட்டியிலும் இது ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று நம்பி எழுதுகிறார். கம்ப்யூட்டரில் இந்த நம்பிக்கை கிடையாது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று இருக்கும். கேம் பெட்டியின் பலமே அது மாறாமல் இருப்பதுதான். மாறாமல் இருப்பதற்காகவே வாங்கிய ஒன்றைப் பற்றி, எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்கிறோம்.

ஆனாலும் மாறியிருக்கிறது. 2022-இல் வந்த பெட்டிகளில் அதே சில்லை 7 நானோமீட்டருக்குப் பதில் 6 நானோமீட்டர் முறையில் செய்தார்கள். மின்சாரம் கொஞ்சம் மிச்சம், வெப்பம் கொஞ்சம் குறைவு. அதனால் உள்ளேயிருக்கும் உலோக வெப்பவாரியைச் சிறிதாக்கினார்கள். அறிமுகத்தின்போது நாலரைக் கிலோவாக இருந்த எடை 3.9 கிலோ ஆனது. விளையாடுகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தயாரிப்பவருக்குச் செலவு மிச்சம். இதை முன்னேற்றம் என்று யார் கணக்கில் எழுதுவது என்பது சுவையான கேள்வி.

கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள் மென்பொருள் வழியாக வந்தவை. பெட்டிக்குள் கூடுதல் சேமிப்பகம் மாட்டுவதற்கான இடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால் பூட்டிக் கிடந்தது. 2021 செப்டம்பரில் ஒரு அப்டேட் அதைத் திறந்துவிட்டது. டிவியும் பெட்டியும் ஒரே தாளத்தில் படம் மாற்றிக்கொள்ளும் வசதி 2022 ஏப்ரலில் வந்தது. முன்னதாகவே பணம் கொடுத்தாகிவிட்டது, பொருள் பின்னால் வருகிறது. அறிமுக நாளில் குறையாக இருந்ததை நிரப்புவதையும், இல்லாத ஒன்றைப் புதிதாகத் தருவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியாகாது. முன்னது பாக்கியைத் தீர்ப்பது. பின்னதை மட்டும்தான் நான் முன்னேற்றம் என்பேன்.

இன்னும் பழைய பெட்டிக்குப் போனால் இந்தப் புதிர் தெளிவாகப் புரியும். தொண்ணூறுகளில் சாமுராய், மீடியா போன்ற பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம், ஜப்பானின் நின்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். உள்ளே 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலி. வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட். வாட்ஸாப்பில் அனுப்பும் ஒரு சின்னப் படத்துக்குக்கூட அது காணாது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ மொத்தம் 40 கிலோபைட். 1993-இல் அதே பெட்டிக்கு வந்த கிர்பி அட்வென்ச்சர் 768 கிலோபைட். பெட்டியில் ஒரு திருகுகூட மாறவில்லை, அப்டேட் என்ற பேச்சே கிடையாது, இணையமே இல்லை. பிறகு எப்படி?

கேசட்டுக்குள் இருந்தது சூட்சுமம். அந்தச் செயலியால் கேசட்டிலுள்ள நிரலில் ஒரே நேரத்தில் 32 கிலோபைட்டைத்தான் பார்க்க முடியும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அதன் கண்ணுக்கு இல்லாததுதான். ஆகவே கேசட்டிலேயே ஒரு சின்னச் சில்லை வைத்தார்கள். அந்த 32 கிலோபைட் பரப்பைச் சில துண்டுகளாகப் பிரித்து, தேவைப்படும்போது ஒரு துண்டை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் காட்டுவது அதன் வேலை. செயலி தான் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கும். அதன் எதிரே பக்கங்கள் மாறிக்கொண்டிருக்கும். 1988-இல் வந்த மூன்றாவது மாரியோவின் கேசட்டிலிருந்த சில்லு இன்னொரு வேலையும் செய்தது: டிவியில் படம் வரி வரியாக வரையப்படுவதை எண்ணிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட வரி வந்ததும் செயலியைத் தட்டிச் சொன்னது. மேலே காட்சி நகர, கீழே புள்ளிகள் காட்டும் பட்டை ஆடாமல் நின்றது அதனால்தான்.

அப்படியானால் பத்தாண்டில் முன்னேறியது ஃபேமிகாமா, கேசட்டா? நேர்மையான பதில், கேசட் என்பதுதான். ஆனால் அந்தக் கேசட்டை ஏற்றுக்கொள்ள இடம் விட்டு வடிவமைத்ததில் பெட்டிக்கும் பங்குண்டு. மேலே உள்ள கோள்கள் திருந்தியபோது தானும் திருந்தத் தெரிந்த ஜிபிஎஸ் பெட்டிக்கு உள்ள பங்கு எவ்வளவோ அவ்வளவு.

அதே டிவி கேம் இன்னொரு பாடமும் வைத்திருந்தது. 9999 இன் 1 என்று அட்டையில் அச்சடித்த கேசட்டுகள் நினைவிருக்கும். போட்டுப் பார்த்தால் உண்மையான விளையாட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் அதே விளையாட்டு, மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும். இல்லாவிட்டால் வேறு பெயரில் வரும். "முன்பு இத்தனை விளையாட்டுகள், இப்போது இத்தனை" என்று இன்றைக்கும் கணக்குக் காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு அந்த மஞ்சள் கேசட்தான் ஞாபகம் வருகிறது.

பெட்டியும் மாறாமல் கேசட்டும் மாறாமல் மனிதர்கள் மட்டும் மாறுவதும் உண்டு. பிளேஸ்டேஷன் 3 2006-இல் வந்தபோது அதன் செல் செயலியைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. ஒரு முதன்மை உள்ளகம், அதற்குத் துணையாக விளையாட்டுக்குக் கிடைக்கும் ஆறு துணை உள்ளகங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகச் சிறு நினைவகம்; அதற்குள் தரவைக் கொண்டு வருவதும் வெளியே அனுப்புவதும் எழுதுகிறவர் தலையில். நாட்டி டாக் நிறுவனம் அதில் 2007-இல் அன்சார்ட்டட் செய்தது. 2013-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறு வேறு பெட்டிகள் என்றே தோன்றும். பெட்டி எதையும் கற்கவில்லை, அதற்கு எழுதியவர்கள் கற்றார்கள். சாமர்த்தியமான விற்பனையாளர் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள் எங்கள் பெட்டி எப்படி வளர்ந்திருக்கிறது என்பார்.

நின்டெண்டோ ஸ்விட்ச் நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே முன்னேற்றத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. 2019 ஏப்ரலில் வந்த 8.0 அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு காட்சி லோடாகும் நேரத்தில் மட்டும் செயலியின் வேகத்தைக் கூட்டிக்கொள்ள விளையாட்டுகளுக்கு அனுமதி கிடைத்தது. சாதாரணமாக 1 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஓடுவது, அந்தச் சில நொடிகளுக்கு 1.75 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். லோடாகும்போது திரையில் வரைய ஒன்றுமில்லை. காட்சிச் சில்லு சும்மா இருக்கிறது. அதன் பங்கு மின்சாரத்தைச் செயலிக்குக் கொடுக்கலாம் என்பது யோசனை. செல்டா விளையாட்டின் காத்திருப்பு நேரம் கண்கூடாகக் குறைந்தது. அதே பெட்டி, அதே விளையாட்டு, அதே காட்சி. கையில் ஸ்டாப்வாட்ச் போதும். இப்படி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும் ஒப்பீடு கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்தச் சலுகையைக் கேட்டு வாங்காத விளையாட்டுகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2015-இல் வந்த பிளட்போர்ன் இன்றைக்கும் பிஎஸ் 5-இல் போட்டால் நொடிக்கு 30 படம்தான். வேகமான பெட்டியில் ஓடினாலும், 30-க்கு மேல் போகாதே என்று அதன் நிரலில் எழுதி வைத்திருக்கிறது. பழைய பிழையோடு சேமித்த பார்ப் புள்ளி மாதிரிதான் இதுவும்.

நொடிக்கு எத்தனை படம் என்ற பேச்சு வந்ததால் அதையும் பார்த்துவிடுவோம். எல்லோரும் கையிலெடுக்கும் அளவுகோல் இதுதான், எளிதில் ஏமாற்றுவதும் இதுதான். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. 30 என்றால் 33.3. ஒரு நொடியின் முதல் பாதியில் 50 படம் ஓடிவிட்டு, மறுபாதி அப்படியே உறைந்து நின்றால் சராசரி என்ன? நொடிக்கு 50. தாளில் நல்ல மதிப்பெண். விளையாடுகிறவனோ அந்த அரை நொடியில் செத்துப் போயிருப்பான். சீராக 40 படம் காட்டும் பெட்டி இதைவிட எவ்வளவோ மேல். அதனால்தான் விவரமாகச் சோதிக்கிறவர்கள் சராசரியோடு நிற்பதில்லை. நூறு படங்களில் மிகத் தாமதமாக வந்தது எது, அது எவ்வளவு தாமதம் என்று தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். ஹேங் ஆவது அங்கேதான் இருக்கிறது.

இந்த விஷயத்தைக் கடலுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சராசரி அலை எந்தப் படகையும் கவிழ்ப்பதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வில்லியனூரை நடுமையமாக வைத்து, தொலைபேசியாலும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸாலும் ஊர்களை இணைத்தது. கடலோர ஊர்களுக்கு அது தந்தவற்றில் முக்கியமானது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த முன்னறிவிப்பைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வீராம்பட்டினத்தில் அது பேர்பெற்றது. நல்லவாட்டிலும் மையம் வந்தது, ஒலிபெருக்கி வந்தது. (ஒரு கையால் கடிகாரத்தை ஆட்டிவிட்ட அதே ராணுவம் மறு கையால் அலைக் கணக்கை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.)

அப்படி வாசிக்கும் அலை உயரம் எல்லா அலைகளின் சராசரி கிடையாது. அலைகளை உயர வரிசைப்படி அடுக்கி, உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதன் சராசரியைச் சொல்வது கடலியல் வழக்கம். அனுபவமுள்ள மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பதால் வந்த ஏற்பாடு. அதிலும் ஒரு பொடி இருக்கிறது. அறிவிப்பு ஒன்றரை மீட்டர் என்றால், ஆயிரம் அலைக்கு ஒன்று ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது மூன்று மீட்டர் வரை எழும்பக்கூடும். எட்டு நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் அலை கடக்க இரண்டேகால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு தடவை தொழிலுக்குப் போய் வருவதற்குள் அந்த ஓர் அலையைப் பார்த்துவிடலாம். கேம் பெட்டியைச் சோதிக்கிறவர் மோசமான ஒரு சதவீதத்தைத் தேடுவதும் கடலியலாளர் உயரமான மூன்றில் ஒரு பங்கைத் தேடுவதும் ஒரே காரணத்துக்காகத்தான்: அடி விழும் இடம் அது.

முன்னறிவிப்புகளை எடைபோடுகிறவர்களிடம் கேம் விமர்சகர்கள் கற்க வேண்டிய இன்னொரு பழக்கம் உண்டு. 2005-இலிருந்து ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் நம் கடல்களுக்கே கடல்நிலை முன்னறிவிப்பு தருகிறது. மிதவைகள் அளந்த அலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு நாள் சரியாகச் சொன்னது என்றால் பெரிய விஷயமாகத் தோன்றும். ஆனால் இன்றைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படியே என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் பலிக்கும். அந்தச் சோம்பேறிக் கணிப்பை எவ்வளவு தூரம் மிஞ்சியது என்பதுதான் உண்மையான மதிப்பெண். அதுவும் வாடைக் காலத்தில், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய மாதிரி நாட்களில் மிஞ்ச வேண்டும். பெட்டிக்கும் அப்படியே. ஏற்கெனவே சீராக ஓடிய விளையாட்டு இப்போதும் சீராக ஓடுகிறது என்பது செய்தி இல்லை. அன்று எது தடுமாறியதோ அதைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

அளப்பது தவறான இடமாகவும் இருந்துவிடலாம். 2021 ஆகஸ்டில் எடை குறைந்த பிஎஸ் 5 வந்தபோது, ஒரு யூடியூபர் பின்பக்கம் வெளியேறும் காற்றின் வெப்பத்தை அளந்தார். பழையதைவிடப் புதியதில் சில டிகிரி கூடுதல். வெப்பவாரியைச் சிறிதாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார், இணையம் கொதித்தது. பிறகு வேறு சிலர் பெட்டியைத் திறந்து, சில்லுகளின் அருகே வெப்பமானி வைத்தார்கள். முக்கியச் சில்லு பழையதைவிடக் குளிர்ச்சியாகவே இருந்தது. நினைவகச் சில்லுகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகின. வெளியே வரும் காற்று சூடாக இருக்கிறது என்றால், உள்ளேயிருந்த சூடு வெளியே வந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாமே! விளையாட்டுகளின் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வெப்பமானி பொய் சொல்லவில்லை. வைத்த இடம்தான் வேறு கேள்விக்கு விடை சொல்லிவிட்டது.

கூட்டல் கணக்கு இவ்வளவு பேசினால் கழித்தலையும் பேச வேண்டும். பிஎஸ் 3 அறிமுகமானபோது அதில் லினக்ஸ் போட்டு முழுக் கம்ப்யூட்டராகப் பயன்படுத்தலாம் என்பது விளம்பரப்படுத்தப்பட்ட வசதி. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட பிஎஸ் 3 பெட்டிகளைக் கோத்து 2010-இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அதே 2010 ஏப்ரல் 1 அன்று சோனி 3.21 அப்டேட்டில் அந்த வசதியை நீக்கியது. பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள். அப்டேட் வேண்டாம் என்று மறுக்கலாம். மறுத்தால் இணையத்தில் விளையாட முடியாது. வழக்காகி, ஆண்டுகள் கழித்துச் சமரசத்தில் முடிந்தது. "அறிமுகத்துக்குப் பிறகு சேர்ந்தவை" என்று பட்டியல் போடுகிறவர்கள், பறிபோனவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்குவதில்லை.

ஜிபிஎஸ்ஸிலும் கழித்தல் உண்டு. கோள்கள் அனுப்பும் செய்தியில் வார எண்ணுக்குப் பத்து பிட் இடம்தான். 1,024 வாரம் ஆனதும் எண் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1980 ஜனவரியில் தொடங்கியது, 1999 ஆகஸ்டில் ஒருமுறை திரும்பியது, 2019 ஏப்ரலில் இன்னொரு முறை. அதற்குத் தயாராக எழுதப்படாத பழைய பெட்டிகள் தேதியை இருபது ஆண்டு பின்னால் காட்டக்கூடும். எந்தத் தவறும் செய்யாமல் மேசையில் கிடந்தபடியே கெட்டுப்போவதும் சாத்தியம்தான்.

கிடந்தபடியே மேலாவதும் உண்டு. நல்லவாட்டு ஒலிபெருக்கியின் கதை ஊருக்கு வெளியேயும் பலமுறை சொல்லப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலையிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். செய்தி தகவல் மையத்தின் ஒலிபெருக்கிக்குப் போனது, ஊர் வெளியேறியது. வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் பிழைத்தது. அன்று இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது; இன்காய்ஸில் அது 2007 அக்டோபரில்தான் வந்தது. அலை உயரம் வாசிக்க வைத்த கருவிதான் அந்த ஒலிபெருக்கி. எந்தத் தொழில்நுட்ப அளவுகோலைக் கொண்டு அளந்திருந்தாலும், வைத்த நாளிலிருந்து 2004 வரை அது ஒரு டெசிபல்கூட முன்னேறியிருக்காது. மாறியது அதைச் சுற்றி: சிங்கப்பூருக்குப் போன ஆள், வீட்டுக்கு வந்த போன், அந்த மைக்கில் வருகிற குரலை நம்பிப் பழகிய காதுகள். நம்பிப் பழகியது அலை உயரம் தினமும் ஓரளவு சரியாக இருந்ததால் என்பது என் ஊகம். கேம் பெட்டிக்கு இவ்வளவு பெரிய நாள் வராது. ஆனால் அதுவும் நண்பர்கள் அதே பெட்டி வாங்கியதும் வேறு பொருளாகிவிடுகிறது, எந்த அப்டேட்டும் இல்லாமல்.

சரி, பழைய பிஎஸ் 5 ஒன்றை வாங்குவதா, விற்பதா என்று யோசிக்கிறவர் வீட்டிலேயே என்ன செய்து பார்க்கலாம்? விளையாட்டு டிஸ்க் அதற்கு வசதியானது. டிஸ்க்கில் அச்சிட்டிருப்பது வெளியான நாளின் நிரல். பிறகு வந்த திருத்தமெல்லாம் இணையத்திலிருந்து இறங்குபவை. வைஃபையை அணைத்துவிட்டு, விளையாட்டை நீக்கி, டிஸ்க்கிலிருந்து மட்டும் ஏற்றினால் பெரும்பாலான விளையாட்டுகள் முதல் நாள் நிலையில் ஓடும். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077-ஐ அப்படிப் போட்டுப் பாருங்கள். வெளியான எட்டாம் நாளே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதைத் தூக்கிய காரணம் ஐந்து நிமிடத்தில் புரியும். பிறகு வைஃபையைப் போட்டுத் திருத்தங்களை இறக்கி, அதே தெருவில், அதே நேரத்தில், அதே வண்டியை ஓட்டுங்கள். வித்தியாசமெல்லாம் விளையாட்டின் கணக்கில் போக வேண்டியது; பெட்டியின் கணக்கில் இல்லை.

பெட்டியின் பங்கைத் தனியாகப் பிரிப்பதுதான் முடியாத காரியம். அதன் இயங்குதளத்தை முன்னேதான் கொண்டுபோகலாம், பின்னே கொண்டுவர சோனி விடாது. அறிமுக நாள் பிஎஸ் 5 வேண்டுமென்றால், 2021 பிப்ரவரியில் வாங்கி இதுவரை இணையத்தில் இணைக்காத பெட்டி யாரிடமாவது இருக்க வேண்டும். 49,990 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டு, அட்டையைப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கும் பையனை எங்கே போய்த் தேடுவது?